ரோதை முனிக்குக் காட்டிய லெப்டொப்

அந்தச் சத்தத்தை நான் காதால் கேட்பதற்கு முன்னால் என் கணவரின் முகத்தில் பார்த்தேன். ஹட்டனில், மாடிப்படி ஏறிப் போகிற ஒரு கம்பியூட்டர் கடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஸ் நிலையம் கொஞ்சம் கொஞ்சமாகப் பனிமூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. பஸ்கள் மறைந்து, ஆட்கள் மறைந்து, ஹோர்ன் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. உள்ளே மேசைமேல் இரண்டு லெப்டொப்புகள் திறந்து கிடந்தன. ஒன்று மெல்லியது, வெள்ளித் தகடு போல. மற்றது கறுப்பு, கனமானது. அதன் எழுத்துக் கட்டைகளுக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் தணல் மாதிரி ஊறிக்கொண்டிருந்தது. மகள் இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தாள்.

"நானா, ரெண்டுலயும் ஒரே கிரபிக்ஸ் கார்ட்தானே? அப்ப எதுக்கு இந்தச் செங்கல்லத் தூக்கிட்டுப் போகணும்?"

கடைக்காரர் சிரித்தார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். "பேரு ஒண்டுதான் மகள். மெல்லிசா இரிக்கிறதுல அந்தக் கார்டுக்குக் கரண்டக் கொறச்சிப் போட்டிருப்பாங்க. கூட்டிக் குடுத்தா சூட்ட வெளிய தள்ள எடமில்ல. கேம் வெளையாடுற பொடியன்மாரு வந்து மெல்லிசத்தான் கேப்பாங்க, அப்புறம் ஸ்லோ ஸ்லோண்டு திரும்பக் கொண்டாருவாங்க. நீங்க செய்யிற வேலைக்குக் கறுப்புதான். இருங்க, ஓட்டிக் காட்டுறேன்."

அவர் ஒரு விளையாட்டைத் திறந்தார். திரையில் காடு ஒன்று எரிந்தது. அப்போதுதான் அது தொடங்கியது. முதலில், யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவது போல. பிறகு அந்த மூச்சு ஏறிற்று. நிற்குமென்று நினைத்த இடத்தில் நிற்காமல் இன்னும் ஏறி, ஒரே சீரான இரைச்சலாக மேசைப் பலகை வழியாக என் விரல்களுக்குள் வந்தது. என் கணவர் மேசைமேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். படியிறங்கிப் போய் மழைத் தூறலில் நின்றார்.

"அண்ணனுக்கு என்ன, வெல பிடிக்கலியா?" என்றார் நானா.

"சத்தம் பிடிக்கல," என்றேன். "கொஞ்சம் சத்தம் கொறஞ்சது இல்லையா?"

"சத்தம் இல்லாம வேகம் எப்படித் தங்கச்சி. ஆனா ஒங்க பக்கம் குளிரு, சூட்டுக்குப் பயமில்ல. ஈரத்துக்குத்தான் பயம். பேக்குல இரிக்கிற இந்த உப்புப் பொட்டலத்த மட்டும் வீசிராதீங்க."

கறுப்பையே வாங்கினோம்.

எங்கள் வீடு லிந்துலைக்கு மேலே, மூடிக்கிடக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில். அந்தத் தொழிற்சாலையில்தான் என் கணவர் கொழுந்தை அரைக்கும் ரோதை இயந்திரங்களோடு தன் வயசைக் கழித்தார். மகள் விளையாட்டுகளுக்கு உருவங்கள் செய்யப் படித்தவள். மரம், கல், முகம், எதுவானாலும் கணினிக்குள் திரட்டி எடுப்பாள். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று அவளுக்குப் பரீட்சை வேலையொன்று கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவேண்டும். அது பிடித்துப்போனால் வீட்டிலிருந்தே வேலை, இல்லாவிட்டால் கொழும்பில் ஏதாவது துணிக்கடை. பழைய கணினியில் அந்த வேலையைத் திறந்தால் திரை உறைந்து நின்றது. அதனால்தான், தொழிற்சாலை மூடியபோது வந்த பணத்தில் மிஞ்சியிருந்ததைக் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்தார் அவர்.

லெப்டொப்பை வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் கேள்வி வந்தது.

"பாப்பா, அதுக்குள்ள ரோதை ஓடுது இல்ல?"

"ரோதை இல்லப்பா, ஃபேன். சின்னதா ரெண்டு."

"சுத்துதா இல்லையா?"

"சுத்துது."

"அப்ப முனிக்குக் காட்டாம ஓட விட மாட்டேன்."

"லெப்டொப்புக்கு யாருப்பா பூச போடுவாங்க? ஃப்ரெண்ட்ஸ் கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவனுக்குப் பத்து வெரலும் இருக்கும்."

அவருடைய அண்ணனைத்தான் சொல்கிறார் என்று மகளுக்குத் தெரியும். அந்தத் தொழிற்சாலைக்குப் புது ரோதை வந்தபோது, கொழுந்து குவிந்து கிடந்த அவசரத்தில், இயந்திரங்களுக்குக் காவலான ரோதை முனிக்குப் பூசை போடாமல் ஓட்டிவிட்டார்கள். அன்றைக்கே அது அந்த அண்ணனின் நான்கு விரல்களை வாங்கிக்கொண்டது. இப்போது பூண்டுலோயாவில் மகன் வீட்டில் இருக்கிறார். யார் வந்தாலும் கை ஸ்வெட்டர் பைக்குள் இருக்கும். எங்கள் பக்கம் இயந்திரத்தோடு வேலை செய்தவர்கள் இதை நம்பிக்கை என்று சொல்லமாட்டார்கள். சுற்றுகிற எதற்கும் பசி உண்டு, நாம் கொடுக்காததை அது எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். என் கணவருக்கும் இருந்தது அந்த ஒரு பயம்தான். இது மகளின் கையை எடுத்துக்கொள்ளும்.

மறுநாள் மத்தியானம் மூவரும் தொழிற்சாலைக்குப் போனோம். வெயில் வந்து போன சுவடே இல்லை. தேயிலை மலை முழுவதும் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தது. துணிக்கு மேலே தொழிற்சாலையின் தகரக் கூரை மட்டும் தனியாக, கீழே ஒன்றும் இல்லாமல் மிதந்தது. மேல்மாடி ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. அங்கேதான் ஒருகாலத்தில் பெரிய காற்றாடிகள் கொழுந்தை வாட்டிக்கொண்டிருக்கும், ஊர் முழுக்க அந்தச் சத்தத்தில்தான் தூங்கும், விழிக்கும். அது நின்ற பிறகு எனக்குச் சில நாட்கள் காது அடைத்ததுபோல் இருந்தது. அவருக்கு அது இன்னும் அடைத்துத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பேசும்போது நடுவில் நிறுத்தி எதையோ கேட்பார்.

பக்கத்துக் கதவருகே, மரத்தடியில், ரோதை முனி. குங்குமம் காய்ந்த ஒரு கல், துருப்பிடித்த ஒரு சூலம். மகள் ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் லெப்டொப்பை வைத்தாள். இவர் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் ஏற்றினார்.

"இப்ப ஓட்டு. முழு வேகத்துல ஓட்டு."

"பெட்டரியில முழு வேகம் வராதுப்பா."

"வர்ற வரைக்கும் ஓட்டு."

மகள் ஏதோ ஒன்றைத் திறந்தாள். மூச்சு தொடங்கியது, ஏறியது, கடையில் கேட்டதைவிடச் சன்னமாக. மூட்டத்துக்குள் அது எங்கேயும் போகாமல் எங்களைச் சுற்றியே நின்றது. பிறகு, பூட்டிய தொழிற்சாலைக்குள்ளிருந்து, மேல்மாடியில், அதே சுருதியில் ஒன்று சேர்ந்துகொண்டது. மிகத் தூரத்தில் கேட்பது போல. மகள் என்னைப் பார்த்தாள்.

"காத்து," என்றேன்.

கற்பூரச் சுடர் அசையாமல் நேராக நின்றுகொண்டிருந்தது.

அவர் குனிந்து, பிள்ளையின் பிடறியைத் தூக்குவதுபோல லெப்டொப்பின் ஓர் ஓரத்தை உயர்த்தினார். அடியில் காற்று போகும் துளைகளுக்குக் கீழே திருநீறு நிறைந்த உள்ளங்கையைப் பிடித்தார். பூசத்தான் நினைத்தாரோ என்னவோ. பூசத் தேவைப்படவில்லை. திருநீறு தானாக எழும்பி, மெல்லிய புகை மாதிரி, நெளிந்து நெளிந்து அந்தத் துளைகளுக்குள் போயிற்று. உள்ளங்கை வெறுமையாகும்வரை போயிற்று.

"அப்பா, என்ன பண்றீங்க," என்று மகள் மூடியைச் சாத்தினாள்.

"வாங்கிக்கிச்சு," என்றார் அவர். குரலில் ஒரு மரியாதை இருந்தது.

அன்று மாலையே உள்ளே கரகரவென்று உரசல் கேட்டது. மகள் நானாவுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னத்தப் போட்டீங்க மகள் உள்ளுக்கு, மாவா?"

"திருநீறு நானா."

"வாரண்டியில அதப் பத்தி ஒண்டும் எழுதல்லயே. சரி, பின் மூடியக் கழட்டி, காஞ்ச பிரஷ்ஷால தட்டி விடுங்க. ஈரம் படக்கூடாது. அப்பாகிட்ட சொல்லுங்க, அடுத்த தடவ பொட்டு மூடிக்கு மேல வைக்கச் சொல்லி."

மகள் சிரித்துக்கொண்டே திருகாணிகளைக் கழற்றினாள். பிரஷ் பட்டதும் சாம்பல் உதிர்ந்தது. ஆனால் உள்ளே போனதில் பாதிகூட இல்லை. மூடியைப் போட்ட பிறகு உரசல் குறைந்தது, நிற்கவில்லை. இரைச்சல் உச்சத்துக்கு ஏறும்போது மட்டும், தொண்டையைச் செருமுவது போல, ஒரு தடவை.

"பத்தல போலிருக்கு," என்றார் இவர் வாசலில் நின்று. "சேவல் ஒண்ணு அறுக்கணும்."

"அப்பா, வெள்ளிக்கெழம வேல குடுக்கணும். சேவல், கோழி எல்லாம் அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

அந்த வாரம் முழுவதும் அவர் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. நிலைப்படியில் தோளைச் சாய்த்து, அவள் கை போகும் இடமெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் விரல் எழுத்துக் கட்டையைத் தட்டும்போதெல்லாம் இவர் தாடை இறுகும். ஒருநாள் அவள் மேசைக்கு அடியில் சார்ஜர் வயரை எடுக்கக் கையை விட்டபோது, "கைய எடு" என்று கத்திவிட்டார். நான் போய் அவரை இழுத்து வந்தேன். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைத் தொடவில்லை.

"இருவத்தினாலு மணி நேரமும் பக்கத்துலயே வச்சிருக்கா. எங்களுக்காவது ஷிப்ட் முடிஞ்சா வெளிய வரலாம்."

"அது கைய நசுக்கிற சாமான் இல்லீங்க."

"ரோதையும் நசுக்கிற சாமான் இல்ல. கொழுந்து அரைக்கிற சாமான்."

வெளியே போய், தோட்டத்து வரிசை வீடுகளுக்கு முன்னால், லயத்துப் பாதையில் மேலும் கீழும் நடந்தேன். எங்கே திரும்பினாலும் அந்த இரைச்சல் எனக்குப் பின்னால் ஒரே தூரத்தில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை மகள் கூப்பிட்டாள். "அம்மா, முடிச்சிட்டேன். வந்து பாருங்க. அப்பாவையும் கூப்புடுங்க."

நான் உள்ளே போனேன், அவர் நிலைப்படியில் நின்றார். திரையில் நிறமில்லாத ஒரு வெறுமை. அதன் நடுவில் ஒரு கை, மணிக்கட்டோடு முடிந்துபோன ஒரு வலது கை, மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. விரல்கள் விரிந்தன, மடங்கின, விரிந்தன. தோலின் சுருக்கம், நரம்பின் மேடு, கட்டைவிரல் நகத்தில் நெடுகப் பிளவு. உள்ளங்கை ரேகைகளுக்குள் கொழுந்துச் சாற்றின் கறுப்பு, எத்தனை தேய்த்தாலும் போகாத அந்தக் கறுப்பு. எனக்கு யாருடையது என்று தெரிந்துவிட்டது. அந்தக் கையோடு வாழ்கிறவள் நான். இரைச்சல் உச்சத்தில் இருந்தது. கை ஒரு சுற்று முடித்து எங்களைப் பார்த்தது.

"வேல செஞ்ச கை ஒண்ணு கேட்டிருந்தாங்கம்மா," என்றாள் மகள்.

அவர் முதல் தடவையாக அறைக்குள் வந்தார். "இது யாரு கை?"

"ஒங்க கைதான்பா. மத்தியானம் நீங்க தூங்குறப்ப சுத்திவர போன்ல படமா எடுத்தேன். கோவிச்சுக்காதீங்க."

அவர் தன் கையை முகத்துக்கு நேரே தூக்கினார். திரையைப் பார்த்தார். பிறகு கையை. மடக்கினார், விரித்தார். ஒரு கணம் இரண்டும் ஒன்றாக மடங்கி ஒன்றாக விரிந்தன.

"முழுசாவா எடுத்துச்சு?"

"முழுசாத்தான். நகம் வரைக்கும்."

"வலிக்கவே இல்லியே," என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். நானும் கேட்டேன். அந்த உரசல் இல்லை. "அப்ப சரி. இனி நீ பயப்படாம வேல செய்யி."

கம்பனிக்குக் கை பிடித்துப்போனது. மகளுக்கு வேலை நிச்சயமாயிற்று. இப்போது காலையிலிருந்து அந்த இரைச்சல் வீட்டுக்குள் ஓடுகிறது, அவர் அதற்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருகிறார். காதடைப்பு போய்விட்டவர் மாதிரி, கேட்டதற்கெல்லாம் உடனே பதில் சொல்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு முதல் அவர் வலது கையைப் பயன்படுத்துவதில்லை. மடியில் வைத்திருக்கிறார். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொல்லி என் முன்னால் வந்து நிற்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றேன், கைக்கு ஒன்றுமில்லை என்று சிரித்தார்.

"ஒண்ணுமில்லன்னா ஏன் இப்படி?"

"சாமிக்குக் குடுத்தத நாம எடுத்துப் புழங்கலாமா?"

மகள் அழுதாள், படத்தை அழித்துவிடுகிறேன் என்றாள். அவர் பதறிப்போய்த் தடுத்துவிட்டார்.

மூவரும் ஒன்றாகத்தான் சாப்பிட உட்காருகிறோம். மகள் தட்டில் கை வைத்ததும் அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எல்லாம் இருக்கின்றன. பிறகு, பிறந்ததிலிருந்து சோற்றைத் தொடாத அந்த இடது கையை நீட்டி, கொஞ்சமும் கூசாமல், பிசைந்து சாப்பிடத் தொடங்குவார்.