அத்தை கேட்ட ஐந்தாவது டியூப்

எங்கள் அத்தைக்குத் தொழிற்சாலையில் பெயர் கட்டைவிரல். வேலையாட்கள் போடும் தோல் கையுறைகள் தைக்கிற இடம் அது. நாலு விரலையும் மற்றவர்கள் தைப்பார்கள், கட்டைவிரலை மட்டும் அத்தை வைத்துத் தைப்பாள். லேசாக நினைக்காதீர்கள், அது கோணினால் மொத்தக் கையுறையும் குப்பைக்குத்தான். நாற்பதைத் தொட்டும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. "என் தங்கச்சிக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது" என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவளைக் கேட்டாரா என்றால், அதுதான் இல்லை.

ஆசை இருந்தது. தோல் வெட்டும் மேசைக்காரர் மேல் இருந்தது. வேலை முடிந்து பஸ் வரும்வரை இருவரும் சுவரோரம் கைகோத்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா வேலைக்கே அனுப்ப மாட்டாருடி" என்று அத்தை என் வாயைப் பூட்டினாள்.

வாயைப் பூட்டி என்ன பயன்? அரிப்பு வந்துவிட்டது. முதலில் அத்தைக்கு, விரலிடுக்கில். பிறகு ஒரே கட்டிலில் படுக்கும் எனக்கு, அப்புறம் அம்மாவுக்கு. அப்பா கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டே டிவியில் செய்தி பார்த்தார். டாக்டர் ஆளுக்கொரு டியூப் எழுதினார். கழுத்திலிருந்து கால்வரை பூசினோம், துணியெல்லாம் வெந்நீரில் போட்டோம். போனது. கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. மறுபடி பூசினோம், மறுபடி வந்தது.

அடுத்த முறை டாக்டர் கடுப்பாகிவிட்டார்.

"இது சொறிப் பூச்சி. பெண் பூச்சி தோலுக்கடியில சுரங்கம் தோண்டும். போற வழியெல்லாம் முட்டை வைக்கும். குஞ்சு பொரிஞ்சு மேல வந்து, வளர்ந்து, ஜோடி சேரும். அப்புறம் அதுவும் தனியா ஒரு சுரங்கம் தோண்டும்."

"நல்ல குடும்பஸ்தங்கதான்" என்றாள் அம்மா.

"உங்க நாலு பேர்கிட்டயும் செத்துடுது. வெளியில யார்கிட்டயோ உயிரோட இருக்கு. சும்மா கை குலுக்கினா ஒட்டாது. ரொம்ப நேரம் கையப் புடிச்சிட்டே உட்கார்ந்திருந்தா ஒட்டும். அந்த ஆளும் உங்களோட அதே நாள் பூசணும், இல்லன்னா இது விடாது. யாரு அது?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தொடையைக் கிள்ளிக்கொண்டேன். அப்பா என்னை முறைத்தார், அம்மாவை முறைத்தார். தங்கச்சியை மட்டும் முறைக்கவில்லை. அவளுக்குத்தான் ஆசையே கிடையாதே.

அத்தை தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டர், இன்னொரு டியூப் சேர்த்து எழுதுங்க" என்றாள்.

"யாருக்கும்மா?"

"வெட்டு மேசைக்காரருக்கு." பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "எனக்கு ஆசை இருக்குண்ணா."

அப்பா சொறிவதை நிறுத்திவிட்டார். என் சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அவர் வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்றார் அப்பா.

"யாருமில்ல. தனி ஆளு."

"அப்ப முதுகுக்கு யாரு தடவுவாங்க?"

அத்தையின் காது சிவந்துபோனது.

"ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வரச் சொல்லு. இப்போதைக்கு நான் தடவறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவர் துண்டும் கையுமாக வந்து, உட்காரவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் நெளிந்தார். அரிப்பா, கூச்சமா, தெரியவில்லை. அப்பா டியூபைத் திறந்தபடியே, "சட்டையக் கழட்டிட்டுத் திரும்புங்க மாப்பிள்ளை" என்றார்.