குப்பத்தில் அம்மை குத்திய நாட்கள்

அம்மை குத்தும் உத்தியோகத்தில் ஊசி பிடிக்கக் கற்றுக்கொள்ள அரை நாள் போதும். முகத்தில் அறைந்து சாத்திய கதவோடு சிரித்தபடி பேசக் கற்றுக்கொள்ளத்தான் வருஷங்கள் ஆகும். வீடு வீடாகப் போய் நல்லது சொல்லி, பதிலுக்கு வசவு வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களே, உங்களுக்கு இது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் ராயபுரத்துக்காரி. அறுபதுகளின் கடைசியில், திருவொற்றியூர்க் கடலோரத்துக் குப்பம் ஒன்றில் காசி என்ற லாரி கிளீனர், வடக்கே போய்வந்த கையோடு பெரியம்மையில் படுத்துவிட்டான். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வீட்டார் சம்மதிக்கவில்லை. அது அடுத்த வீட்டுக்குத் தாவுவதற்குள் குப்பம் முழுவதற்கும் குத்தி முடிக்க வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள்.

ஐஸுக்குள் என்ன?

மருந்து கெடாமலிருக்க ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டு எடுத்துப் போவேன். மீன் ஏலம் விடும் இடத்தில் வாங்கிய ஐஸ். வாசம் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காசி வீட்டை ஒட்டிய வீடு தனபாக்கியத்துடையது. கூடை சுமந்து மீன் விற்கிறவள். பல வருஷம் பிள்ளையில்லாமல், அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற ஒரே பையன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். காசிக்கும் அவனுக்கும் நடுவில் இருந்தது ஒரு கீற்றுத் தடுப்பு. அதனால் முதலில் அந்த வாசலில்தான் போய் நின்றேன். தனபாக்கியம் மீன் என்று நினைத்து ஃபிளாஸ்கை மோந்து பார்த்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"மீனுன்னா பேரம் பேசலாம். அம்மா குடுத்த புள்ளைய குத்த வந்தவகிட்ட இன்னா பேச்சு? போமே!"

குழாயடி

மற்ற வீடுகள் கொஞ்சம் கொஞ்சமாக இளகின. ஒரு நாள் ஒரு சந்து முழுக்க மறுபேச்சில்லாமல் கையை நீட்டியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஃபிளாஸ்கை மூடிக்கொண்டு சந்து முனைக்கு வந்தால், என்னிடம் குத்திக்கொண்ட அத்தனை பேரும் தெருக்குழாயடியில் நின்று, சவுக்காரம் போட்டு, மருந்து போகத் தேங்காய் நாரால் கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

தொண்டை கட்டும்வரை கத்தினேன். பிறகு ஒவ்வொருவரையும் இழுத்து உட்காரவைத்து மறுபடி குத்தினேன். கை காயும்வரை ஒருவரையும் நகர விடவில்லை. வரிசையில் முதலில் நின்ற பெண்ணுக்கு என்னைவிடக் கோபம்.

"குத்திக்கோன்னே, குத்திக்கினோம். கழுவாதேன்னு எப்போ சொன்னே?"

தோள் கிடையாது

ஆண்களுக்குச் சாமி பயத்தைவிடக் கை பயம். குத்தினால் கை வீங்கும். நாலு நாள் துடுப்பு போட முடியாது, வலை இழுக்க முடியாது. அது நிஜம். எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை. பஞ்சாயத்துத் தலைவரிடம் போய், "காசி மாதிரி இன்னும் பத்துப் பேர் படுத்துவிட்டால் யார் வலை இழுப்பார்கள்?" என்று மட்டும் கேட்டேன். அவர் எழுந்து போய், காசியை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலமே உத்தரவு: குத்திக்கொள்ளாதவன் கட்டுமரத்துக்கு ஒருவரும் தோள் தரக் கூடாது.

கட்டுமரத்தை ஒற்றை ஆளாகக் கடலில் இறக்க முடியுமா? தனபாக்கியத்தின் புருஷன் முனுசாமி மறுநாள் விடியலில் தள்ளிப் பார்த்தான். மரம் அசையவில்லை. சுற்றி நின்ற கூட்டாளிகள் ரொம்ப அக்கறையாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியதும் என் முன்னால் வந்து கையை நீட்டினான்.

"எனக்குப் போடு நர்ஸம்மா. புள்ள விசயம் அவகிட்டதான். அத்த நான் பேசினா வூட்ல சோறு கெடைக்காது."

தடுப்புக்கு அந்தப் பக்கம்

காசி படுத்திருந்த அறையை அவன் அண்ணன்கூட எட்டிப் பார்ப்பதில்லை. நான் தினமும் போவேன். இளநீர் ஊட்டி, ஈ மொய்க்காமல் துடைத்து, துணி மாற்றிப் போட்டுவிட்டு, குளித்து வேறு சேலை கட்டிக்கொண்டுதான் அடுத்த வீட்டு வாசலை மிதிப்பேன். கீற்று இடுக்கில் இரண்டு கண்கள் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் காலையில் தனபாக்கியம் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். என் கையைப் பிடித்துத் திருப்பி, சின்ன வயதில் எனக்குக் குத்திய தழும்பைத் தடவிப் பார்த்தாள்.

"இத்தினி நாளா உள்ள பூந்து வந்துகினு கீறே, அம்மா உன்ன தொடல. அவளே உனக்கு வழிவுட்டுட்டா, நான் யாரு வேணாங்கிறதுக்கு? போடு."

வாசலில் வேப்பிலை

ஒரு வாரம் கழித்து, குத்தியது பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். தனபாக்கியத்தின் வாசலில் கொத்து வேப்பிலை செருகியிருந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில்தானே அது ஏறும்? தாமதமாகக் குத்திவிட்டேன், தவமிருந்து பெற்ற பிள்ளை போகப் போகிறது என்றே முடிவு கட்டிவிட்டேன். மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே ஓடினேன்.

பையன் வேப்பிலை மேல் உட்கார்ந்து, முகமெல்லாம் கூழைப் பூசிக்கொண்டு சிரித்தான். தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உடம்பில் எங்கும் ஒன்றுமில்லை. நான் குத்திய இடத்தில் மட்டும் ஒரு கொப்புளம், நடுவில் குழிந்து, எங்களுக்குப் பயிற்சியில் காட்டிய படத்தைப் போல அத்தனை கச்சிதமாக. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். தனபாக்கியம் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னாத்துக்கு அழுவுறே? ஒடம்பெல்லாம் முத்து போடுறவ, எம் புள்ளைக்கு ஒண்ணே ஒண்ணு போட்டுட்டு கெளம்புறா. அவள மரியாத பண்ணி அனுப்ப வாணாமா?"

காசி பிழைத்தான், அவனுக்குப் பிறகு அந்தக் குப்பத்தில் ஒருவருக்கும் அம்மை காணவில்லை. பெயர் முழுக்க அம்மனுக்குப் போய்க் கைவலி மட்டும் எனக்கு மிஞ்சியது என்றாலும், அந்தக் கைவலியை இன்றைக்கும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.