பேஜாரு மூன்று, சோக்கா ஆறு

எங்கள் நைனா மறைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இன்று வீடு தேடி வந்து, அவர் படத்துக்கு மாலையிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகளின் வணக்கம். மலரில் ‘தந்தையார்’ என்று எழுதுவதுதான் மரியாதை என்று பெரியவர்கள் சொன்னார்கள். வாழ்நாளெல்லாம் நைனா என்று கூப்பிட்டவரை அச்சில் மட்டும் தந்தையார் ஆக்க எனக்கு மனம் வரவில்லை. மன்னிக்கவும்.

நைனா பிறந்தது புளியந்தோப்பில். தாத்தா பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் கூலி வேலை பார்த்தவர். அவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால் எட்டாம் வகுப்போடு நைனாவின் படிப்பு நின்றது. எர்ணாவூரில் படகு பெயிண்ட் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு மூட்டை தூக்கப் போனார். தூக்கப் போனவர் கலக்கக் கற்றுக்கொண்டு, கடைசியில் கலவைப் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆனார். கடல் தண்ணீரில் கிடக்கும் படகின் அடியில் சிப்பி ஒட்டாமல் இருக்க அடிக்கிற பெயிண்ட் அது. குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் தெரியாமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிற மனிதருக்கு, பெயிண்டில் எது குறைந்தாலும் வாசனையிலேயே தெரிந்துவிடும். அம்மா இதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்வார்.

இருபது வருடங்களுக்கும் மேல் உழைத்த இடத்தை ஒரு நாள் திடீரென விட்டுவிட்டு, திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த சின்ன பெயிண்ட் பட்டறையில் சேர்ந்தார். ஏன் என்று கேட்டேன். “மத்தியானம் வூட்டுக்கு வந்து துன்னலாமே, கண்ணு” என்றார். சாப்பாட்டுக்காக யாராவது இவ்வளவு பெரிய வேலையை விடுவார்களா என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மூன்றே மாதத்தில் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. வேலையை விட்டால் இரண்டு வருடம் இதே தொழிலில் வேறு எங்கும் சேரமாட்டேன் என்று ஓர் ஆங்கிலக் காகிதத்தில் நைனா கையெழுத்துப் போட்டிருந்தாராம். எங்கள் வக்கீல் அம்மா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். வேலையை விட்டுப் போனவரை இப்படிக் கட்டிப்போட நம் சட்டம் இடம் தராது என்றார். ஆனால் நோட்டீஸின் அடுத்த பக்கத்தைப் படித்தபோது அவர் சிரிக்கவில்லை. கம்பெனியின் தொழில் ரகசியத்தை ஒரு நோட்டில் எழுதித் திருடிக்கொண்டு போனார் என்று இருந்தது.

நோட்டு இருந்தது உண்மை. டீ நேரத்தில் தினமும் நைனா அதில் ஏதோ எழுதுவாராம். திறந்து கிடந்த ஒரு பக்கத்தை மேற்பார்வையாளர் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கோர்ட்டில் உரக்கப் படித்தார். “பேஜாரு மூன்று. கலீஜ் இரண்டு. பேஜாரு மூன்று. சோக்கா ஆறு.” இவை ரசாயனங்களுக்கு இவர் வைத்த சங்கேதப் பெயர்கள், பக்கத்தில் இருப்பவை அவற்றின் பங்கு என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த சிலர் சிரித்தார்கள். பேஜாரு என்று ஒரு ரசாயனமா என்று எனக்கும் சிரிப்பு வந்தது. நைனா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அந்த நோட்டு எங்கே என்று நீதிபதி கேட்டார்.

“கீதுங்க. காட்ட மாட்டேன். அது கம்பெனி சமாச்சாரம் இல்லீங்கய்யா, வூட்டு சமாச்சாரம்.”

காட்டாவிட்டால் உங்களுக்குப் பாதகமாகத்தான் எடுத்துக்கொள்ள நேரும் என்று நீதிபதி பொறுமையாகவே சொன்னார். நைனா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வழக்கு முடியும்வரை பெயிண்ட் கலக்கும் வேலையைத் தொடக்கூடாது என்று உத்தரவானது. பட்டறைக்காரர் பயந்து அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நைனா ஒரு கண்டெய்னர் யார்டில் காவலாளியாகப் போனார். டீக்கடையில் “இன்னா பார்முலா, எப்டி கீறே?” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே டீ குடித்துவிட்டு வருவார். பிறகு அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டார்.

அப்போது எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்தினேன். “திருடலைன்னா நோட்டக் காட்ட வேண்டியதுதான நைனா? திருடன் பொண்ணுன்னு என்னைச் சொல்றாங்க!”

“சொல்லிகினு போகட்டும்மா. அத்த தாங்கிக்கலாம்” என்றார்.

எதைத் தாங்க முடியாது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

என் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வழக்கு மட்டும் வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. இதயம் பலவீனமாகி நைனா அரசு மருத்துவமனையில் கிடந்தபோதும் வக்கீலைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். “திருடலன்னு எழுதிக் குடுப்பாங்களா மேடம்?” அடுத்த வாய்தாவுக்கு முன்பே போய்விட்டார். மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தோம். அவருடைய இறப்போடு வழக்கும் தீர்ப்பில்லாமல் முடிந்துவிட்டது. திருடினார் என்றும் யாரும் சொல்லவில்லை, திருடவில்லை என்றும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், காவலாளிச் சட்டையை மடித்து வைத்திருந்த பையின் அடியில் அந்த நோட்டு கிடைத்தது. முதல் பக்கத்தில் ஒரு மனநல மருத்துவரின் சீட்டு ஒட்டியிருந்தது. ‘நோயாளி தினமும் எப்படி இருக்கிறார், எத்தனை மணி நேரம் தூங்கினார், எழுதி வரவும்.’ நோயாளி என்ற இடத்தில் என் அம்மாவின் பெயர்.

அம்மாவுக்குத் தலைவலி என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அழுதுகொண்டே இருந்த நாள் பேஜாரு. குளிக்காமல் தலை வாராமல் கிடந்த நாள் கலீஜ். எழுந்து சமைத்து, நைனாவைக் கேலி செய்த நாள் சோக்கா. எண்கள் எல்லாம் தூங்கிய மணி நேரம். அம்மா இரண்டு மணி நேரம்தான் தூங்கினார் என்று எழுத, நைனா எத்தனை மணி நேரம் விழித்திருக்க வேண்டும்? மத்தியானம் அவர் வீட்டுக்கு ஓடி வந்தது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவரைப் பார்த்துக் கத்திய வாயை என்ன செய்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

அம்மா நோட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். “நான்தான் சத்தியம் வாங்குனேன். வெளிய தெரிஞ்சா உனுக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்கன்னு. கோர்ட்ல கூடவா சொல்ல மாட்டாரு, இந்த மனுசன்?” என்றார். பிறகு அவரே சொன்னார். “மொத வருசத்துக்கு புக்கு போடுவீங்க இல்ல, அதுல எழுது. என் வியாதியப் பத்தியும் எழுது. எல்லாரும் படிக்கட்டும். அவரு திருடல.”

கட்டணம் கேட்காமல் கடைசிவரை நின்ற வக்கீல் அம்மாவுக்கும், பழைய கம்பெனியிலிருந்து வேலையையும் பாராமல் வந்து பாடைக்குத் தோள் கொடுத்த மூவருக்கும், நைனாவைக் கடைசிவரை ‘அண்ணே’ என்றே அழைத்த யார்டு நண்பர்களுக்கும், இதை எழுதலாமா என்று கேட்டபோது “எழுதும்மா” என்று சொன்ன என் மாமனார், மாமியாருக்கும் எங்கள் நன்றி.

அம்மா விடாமல் மாத்திரை சாப்பிடுகிறார். பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறார். அந்த நோட்டு இப்போது அவருடைய தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கப் புறப்பட்ட காலையில் அதைத் திறந்து பார்த்தேன். நைனாவின் கடைசி வரிக்குக் கீழே, கோணல் எழுத்தில், அம்மா தாமே ஒரு வரி எழுதியிருந்தார்.

பேஜாரு மூன்று.