மடுவில் எடுத்த மண்

லூர்து மேரி பத்து வருஷம் மூன்று மாதம் செருப்பில்லாமல் நடந்தவள். 2014 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனம் பக்கம் பிரம்மதேசத்துக்கு அருகே, வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையில் அவள் கணவன் தேவசகாயத்தைக் கண்ணாடி விரியன் கடித்தது. விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் நான்கு நாள் அவன் கண் திறக்கவில்லை. அப்போதுதான் நேர்ந்துகொண்டாள். இலங்கையில், மன்னார்ப் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கிறது மடு மாதா கோயில். அந்த மண் பாம்பு விஷத்துக்குக் காவல் என்பது சனங்களின் நம்பிக்கை. அந்த மண்ணில் போய் நிற்கும்வரை காலில் செருப்பு ஏறாது என்றாள். ஐந்தாம் நாள் அவன் கண் திறந்து கஞ்சி கேட்டான்.

கொல்லை வேலைக்குப் போகிறவள் கடல் தாண்டப் போகிறாளா என்று ஊரில் சிரித்தார்கள். தங்கை சகாய பிரியா சிரிக்கவில்லை. திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருந்த அவள், தேவாலயப் பங்கு மக்கள் இருபத்திரண்டு பேரைச் சேர்த்து இலங்கைக்கு ஐந்து நாள் பயணம் ஏற்பாடு செய்தபோது, அக்காவின் பெயரைத்தான் முதலில் எழுதினாள்.

"உனக்காகத்தான்க்கா இந்த டூரே. மடுவுல உன்ன நிக்க வெக்கறது என் பொறுப்பு."

2025 பிப்ரவரி 10, திங்களன்று புறப்பட்டார்கள். நீர்கொழும்புத் தேவாலயங்கள், கண்டியில் புத்தரின் பல் வைத்திருக்கும் ஆலயம், சிகிரியாக் குன்று எல்லாம் பார்த்து, 13ஆம் தேதி வியாழக்கிழமை காலை அனுராதபுரம் வந்தார்கள். மதியம் மடு என்பது திட்டம். வெள்ளை வெளேரென்று நின்ற பெரிய பௌத்தத் தூபியான தாதுகோபத்தின் முற்றத்தில் எல்லோருமே வெறுங்காலோடுதான் நடக்கவேண்டும். வெயிலில் கல் கொதித்தது. கூட வந்தவர்கள் குதித்துக் குதித்து ஓட, லூர்து மேரி மட்டும் நிதானமாகச் சுற்றி வந்தாள்.

"அக்கா காலுக்கு மட்டும் ஏசி போட்டுக்கிறாங்கடி!" என்று கூட்டத்தில் ஒருத்தியான எலிசா கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

கால் தாங்கியது, தலை தாங்கவில்லை. மயக்கம் வந்து, லாட்ஜில் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். விழித்தபோது மாலை ஆறு மணி. கட்டிலருகே பிரியா உட்கார்ந்திருந்தாள்.

"மடுவுக்கு எப்போ பொறப்படறோம்?"

"போய்ட்டே வந்துட்டோம்க்கா. உன்ன எழுப்பினேன், நீ அசையவே இல்ல. டிரைவரு ஜல்தி ஜல்தின்னு ஒரே பேஜாரு."

லூர்து மேரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரியா அவள் கையை இழுத்து, முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவர் ஒன்றை வைத்தாள்.

"இந்தா. மடுவுல எடுத்த மண்ணு. செத்துப்போன நம்ம அம்மா மேல சத்தியம். இதும்மேல நின்னா அங்க நின்னாப்லதான்."

கூடப் பிறந்தவள் எடுத்து வந்தது, தன் கையால் எடுத்ததுபோலத்தான் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். பிப்ரவரி 16, ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டு வாசலில் அந்த மண்ணைப் பரப்பி ஏறி நின்றாள். தேவசகாயம் புதுச் செருப்பை மாட்டிவிட்டான். பரந்துபோன காலில் வார் அழுத்தியது.

"என்ன பாம்பு கடிச்சுது, உன்ன செருப்பு கடிக்குது" என்றான் அவன். அன்று முழுக்க இருவரும் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

பதினெட்டாம் நாள் மார்ச் 5, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். திண்டிவனம் கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, எலிசா போனை நீட்டினாள்.

"டூர் வீடியோக்கா. பாருங்க, செம காமெடி."

ஓர் ஆறு. பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் கும்மாளம் போடுகிறார்கள். கரையோரம் குனிந்து பிரியா கவரில் மண் அள்ளுகிறாள். "இன்னாடி, ஆத்து மண்ண திருடறே?" என்கிறது ஒரு குரல். பிரியா கவரைத் தூக்கிக் காட்டி, "எங்க அக்காவுக்கு மடு மண்ணு!" என்கிறாள். ஒரே சிரிப்பு. மொத்தம் நாற்பத்தெட்டு விநாடி. பிப்ரவரி 13, பிற்பகல் 3.12.

"கோயிலுக்குப் போவ ரெண்டு மணி நேரம் ஆவும்னாங்க. வேணாம்னு எல்லாரும் குளிக்கப் போய்ட்டோம். பிரியா உங்ககிட்ட சொல்லலியா?"

லூர்து மேரி வீடியோவை மறுபடி ஓடவிட்டாள்.

அக்காளும் தங்கையும் பிறந்தது சங்கராபரணி ஆற்றங்கரையில். கோடையிலும் வற்றாமல் ஆழமாகத் தண்ணீர் நிற்கிற இடத்தை அங்கே மடு என்பார்கள். அந்த மடுவில்தான், அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பிரியா நீந்தக் கற்றாள்.

தையல் கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிரியாவின் நெற்றியிலும் சாம்பல் இருந்தது.

"எலிசா வீடியோ காட்டினா."

மிஷின் நின்றது.

"நான் பொய் சொல்லலியேக்கா. மடுவுல எடுத்ததுன்னுதானே சொன்னேன்? ஆழமா தண்ணி நின்னுக்கினு இருந்தா நம்ம ஊர்ல இன்னா சொல்லுவோம்? அம்மா மேல பொய் சத்தியம் பண்ணுவேனா?"

"எழுப்பினேன்னியே?"

பிரியா துணியிலிருந்த நூலைப் பிய்த்தாள். "அவ்ளோ பேரும் ஒரு பக்கம் நின்னாங்க. நான் இன்னா பண்ணட்டும்? உனக்குச் செருப்பு போட்டாப் போதும்னு நெனச்சேன்."

"அவசரத்துல ஒரு பொய் சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன்டி. வார்த்தைய தேடி எடுத்துக்கிறே. அதுவும் நாம குளிச்ச மடுவுலேர்ந்து."

வாசற்படியில் செருப்பைக் கழற்றினாள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, கடையைப் பார்க்க வைத்துவிட்டு இறங்கி நடந்தாள்.

"அக்கா, வெயிலுக்கா! செருப்ப போட்டுக்கினு போக்கா!"

அவள் திரும்பவில்லை. பதினெட்டு நாளில் கால் செருப்புக்குப் பழகிவிட்டிருந்தது. பஸ் நிலையம் போய்ச் சேருவதற்குள் இரண்டு முறை நிழலில் நின்றாள்.