கோல்மன் டீனி கேட்காத இரண்டு மன்னிப்புகள்

இலவசமாகச் செய்தபோது தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய வேலையை, சம்பளத்துக்குச் செய்யப்போனால் மட்டும் அது எப்படித் துரோகமாகும்?

டிரம்காரா மளிகைக்கடை வரிசையில் நின்றுகொண்டு ப்ரோனா டீனி இந்தக் கேள்வியைக் கேட்டார். கல்லாவில் நின்ற கடைக்காரர் பேக்கி கோர்மலியைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் ரொட்டியும் பாலுமாக நின்ற நாங்கள் எல்லோரும் அதில் அடக்கம். 

பேக்கி வெறும் கடைக்காரர் இல்லை. எங்கள் ஊர் கேலிக் கால்பந்து சங்கத்தின் தலைவரும் அவர்தான். கேலிக் என்பது எங்கள் அயர்லாந்தின் சொந்த ஆட்டம்; பந்தைக் கையிலும் தூக்கிக்கொண்டு ஓடலாம். ப்ரோனாவின் கணவர் கோல்மன் டீனி பதினைந்து வருஷம் அந்தச் சங்கத்தின் அணியை நடத்தியவர். பகலெல்லாம் மாட்டுத்தீவன லாரி ஓட்டுவார். பண்ணை பண்ணையாக மூட்டை இறக்கிவிட்டு, தலைமுடியெல்லாம் தவிட்டுத் தூசியோடு அப்படியே மைதானத்துக்கு வருவார். ஒரு காசு வாங்கியதில்லை. கேலிக்கில் யாரும் வாங்குவதில்லை. பிறந்த ஊருக்காக ஆடுகிறோம், அவ்வளவுதான். எங்கள் ஊருக்கு மூன்று கோப்பை வாங்கிக்கொடுத்தார். பிறகு மாவட்ட அணியை எடுத்து மாகாணக் கோப்பையையே தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கு முன் அந்தக் கோப்பையைத் தொட்ட எங்கள் மாவட்டக்காரர்களில் பாதிப்பேர் கல்லறையில் இருந்தார்கள். மலை முழுக்க நெருப்பு மூட்டிக் கொண்டாடினோம். ஒரு விவசாயி தன் காளைக்கன்றுக்கு கோல்மன் என்று பெயர் வைத்தார்.

அந்த மனுஷன், மலைக்கு அந்தப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் கார்ரிக்போர்ட் சாக்கர் கிளப்புக்கு, அதாவது உலகமெல்லாம் ஆடுகிற கால்பந்துக்கு, பயிற்சியாளராகப் போகிறார் என்ற செய்தி வந்ததும் ஊர் மாறிப்போனது.

"பட்டாளத்தான் ஆட்டத்துக்குப் போறானாமே," என்றார் பேக்கி, ப்ரோனாவின் காதில் விழும்படியே. "நம்மளை ஆண்ட இங்கிலீஷ்காரன் விட்டுட்டுப் போன ஆட்டம். அதுக்குக் கூலி வேற."

அதற்குத்தான் ப்ரோனா அந்தக் கேள்வியைக் கேட்டார். அதோடு இன்னொன்றும் சொன்னார். "உன் பேரன் ராத்திரி பூரா டிவியில பாக்கறது எந்த ஆட்டம் பேக்கி? போட்டிருக்கிற சட்டை எந்த ஊர்க் கிளப்போடது? மான்செஸ்டர் எப்ப நம்ம மாவட்டத்துக்கு வந்துது?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பேக்கி சிரிக்கவில்லை. மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார்.

கோல்மன் ஏன் போனார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒரு வேலையில் தான் கெட்டிக்காரன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த வேலையை அவர் வாழ்நாள் பூரா களைத்துப்போன உடம்போடுதான் செய்திருந்தார். காலையில் எழுந்ததும் அதையே நினைத்து, அதையே செய்து, அதிலேயே சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். சாக்கர் பயிற்சி உரிமத்துக்காக மூன்று குளிர்காலம் வார இறுதிகளில் டப்ளினுக்குப் போய்வந்தார். அங்கே வகுப்பில் அவர்தான் வயதில் பெரியவர். உரிமம் கையில் வந்த வாரமே லாரிச் சாவியை முதலாளியிடம் திருப்பிக்கொடுத்தார். வேறு ஆள் அந்த லாரியை ஓட்ட ஆரம்பித்தாயிற்று. திரும்பிப் போக இடமில்லை.

கார்ரிக்போர்ட் அப்போது லீக் பட்டியலில் கடைசி இடத்தில் இருந்தது. பருவம் முடியும்போதும் அங்கேயே இருந்தால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். கிளப்பை வாங்கியிருந்த புது முதலாளிகள் ஆட்ரியன் ப்ரெஸ்காட் என்பவரை நிர்வாகியாக அனுப்பியிருந்தார்கள். கோல்மனுக்கு அவர் வைத்த நிபந்தனை சுருக்கமானது. "கீழ இறங்காம காப்பாத்துங்க. அடுத்த வருஷமும் நீங்கதான்."

ஊரில் துரோகி என்றார்கள் என்றால், அங்கே காட்டான் என்றார்கள். முதல் நாள் பயிற்சிக்குப் போனபோது அணித்தலைவன் ஜேடன் விக்ஸ், இங்கிலாந்துக்காரன், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு நாலடி ஓடிக் காட்டினான்.

"இப்படியா பாஸ்? இல்ல, மாட்டை விரட்டற மாதிரி ஓடணுமா?"

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோல்மனும் சிரித்தார். "மாடு உன்னைவிட வேகமா திரும்பும்டா," என்றார். "ஓடு, பாக்கலாம்."

அவர் பெரிய மந்திரம் எதுவும் செய்யவில்லை. கேலிக்கில் கோல்கீப்பர் பந்தை வெளியே உதைக்கும் நொடிதான் பெரிய சண்டை. பந்து எங்கே விழும், யார் குதிப்பது, தட்டுப்பட்டுச் சிதறுவதை யார் பொறுக்குவது என்று ஒவ்வொருவனுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். கார்ரிக்போர்ட்டில் கோல்கீப்பர் உதைத்ததும் பத்துப் பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோல்மன் அதை மட்டும் மாற்றினார். பிறகு தற்காப்பில் ஒருவன் ஏமாந்தால் அடுத்தவன் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினார். கோல் வாங்குவது குறைந்தது. தோல்விகள் டிராவாயின, டிராக்கள் வெற்றியாயின. விக்ஸ் மாட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினான். கடைசி ஆட்டம் வந்தபோது நிலைமை இதுதான்: வெள்ளிக்கிழமை மாலை சொந்த மைதானத்தில் டிரா செய்தால் போதும், கிளப் பிழைத்துவிடும். கோல்மனின் வேலையும்.

அந்த வாரம் புதன்கிழமை மொஸ்ஸி கேனன் இறந்துபோனார்.

கார்ரிக்போர்ட் மைதானத்தின் புல்லைப் பார்த்துக்கொண்டவர் மொஸ்ஸி. கிளப் எத்தனை முதலாளி மாறினாலும் அவர் மாறியதில்லை. அவருடைய மகள் டிம்ப்னா கிளப்பில் ஆட்டக்காரர்களின் உடைகளைத் துவைப்பவர். வியாழக்கிழமை கோல்மனும் ப்ரோனாவும் செத்த வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் சவப்பெட்டி திறந்திருந்தது. சமையலறையில் தேநீரும் சாண்ட்விச்சும் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. கோல்மன் டிம்ப்னாவின் கையைப் பிடித்து, "ரொம்ப வருத்தமா இருக்கு," என்றார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு அடக்கம்," என்றார் டிம்ப்னா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆபீஸ்லேருந்து போன் பண்ணாங்க, கோல்மன்," என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"நாளைக்குச் சாயங்காலத்துக்குத் துணி ரெடியா இருக்குமான்னு கேட்டாங்க."

கோல்மன் பெட்டியில் கிடந்த மனிதரைப் பார்த்தார். "நீ என்ன சொன்னே?"

"இருக்கும்னேன். வேற என்ன சொல்ல?"

ப்ரோனா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "மூட்டை எங்கே இருக்கு? சாவியைக் குடு. எங்க வீட்டு மெஷின்ல போட்டுக்கறேன். நீ இதையெல்லாம் நினைக்காதே."

காருக்குத் திரும்பியதும் கோல்மன் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். எங்கள் பக்கத்து ஆள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. டிரம்காராவில் சங்கத்துக்காரர் யாராவது இறந்தால் பயிற்சி கிடையாது. அணி முழுவதும் ஆட்டச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச் வாசலில் இரண்டு வரிசையாக நிற்கும். நடுவே பெட்டி போகும். அதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றாது. கோல்மனுக்கும் தோன்றவில்லை. ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார்: நாளைக் காலை பயிற்சி இல்லை, கிளப் உடையில் பத்தரைக்கு சர்ச் வாசலுக்கு வரவும்.

வெள்ளிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லோரும் வந்துவிட்டார்கள். விக்ஸ் கோல்மனின் பக்கத்தில் வந்து நின்றான்.

"பாஸ், எனக்கு இதெல்லாம் தெரியாது. உள்ள போய் என்ன சொல்லணும்?"

"கையைக் குடு. வருத்தமா இருக்குன்னு சொல்லு. அப்புறம் வாயை மூடிக்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உனக்குக் கடைசிதான் கஷ்டம்."

பெட்டி வெளியே வந்தபோது தூக்குகிறவர்களில் ஒருவர் குட்டை. ஒரு பக்கம் சாய்ந்தது. டிம்ப்னா வரிசையைப் பார்த்தார். "ஜேடன், நீ கொஞ்சம் தோள் குடுப்பியா? அப்பாவுக்கு உன்னைப் புடிக்கும். புல்லைப் பேத்தெடுக்கறான்னு தெனமும் திட்டுவார்."

விக்ஸ் தோள் கொடுத்தான். கல்லறை வரைக்கும் இறக்கவில்லை. அங்கிருந்து எல்லோரும் ஊர்க்கூடத்துக்குப் போனார்கள். கிளப்பின் உணவு நிபுணர் அளந்து எழுதிக்கொடுத்த சாப்பாட்டை மறந்துவிட்டு, அந்த ஆட்டக்காரர்கள் ஹாம் சாண்ட்விச்சையும் பழக்கேக்கையும் தட்டுத்தட்டாகக் காலி செய்தார்கள். டிம்ப்னாவின் அத்தைகளுக்கு ஒரே சந்தோஷம். "சம்பளம் குடுக்கறாங்க, சோறு போட மாட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே மறுபடி நிரப்பினார்கள்.

மாலையில் ஆட்டம் கோல் எதுவும் இல்லாமல் டிராவானது. கடைசி நேரத்தில் கோல் கோட்டைத் தாண்டப்போன பந்தை விக்ஸ் தலையால் முட்டி வெளியே தள்ளினான். கிளப் பிழைத்தது. ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடிவந்து கோல்மனைத் தூக்கினார்கள்.

திங்கட்கிழமை ப்ரெஸ்காட் அவரைக் கூப்பிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடி, எழுந்திருக்காமல் பேசினார்.

"முக்கியமான ஆட்டத்துக்கு முன்னாடி எட்டு மணி நேரம். மழையில நிக்கவெச்சீங்க. ஒருத்தன் தோள்ல பெட்டியைச் சுமக்கவெச்சீங்க. இது தொழில்முறைக் கிளப், மிஸ்டர் டீனி. எவனாவது கல்லறையில கால் சறுக்கி விழுந்திருந்தா?"

"மொஸ்ஸி வளர்த்த புல்லுலதான் உங்க ஆளுங்க வருஷம் பூரா சறுக்காம ஓடினாங்க."

"நாங்க மலர்வளையம் அனுப்பினோம்."

"துணி ரெடியா இருக்குமான்னும் கேட்டீங்க."

ப்ரெஸ்காட் அதைக் காதில் வாங்காதவர் மாதிரி ஒரு பேனாவை எடுத்து வைத்தார். "உங்க அடுத்த வருஷ ஒப்பந்தம் தயாரா இருக்கு. நான் அதுக்கு விரோதி இல்ல. முதலாளிங்க முன்னாடி ஒரே ஒரு வார்த்தை. அங்க போனது தப்பு, இனிமே நடக்காதுன்னு."

கோல்மனுக்கு அந்த வேலை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கே முழுதாகத் தெரிந்தது. அதனால் அவசரப்படாமல் யோசித்துத்தான் பேசினார்.

"உங்களைக் கேக்காம ஏற்பாடு பண்ணேன். அது தப்பு. அதுக்கு இப்பவே மன்னிப்புக் கேட்டுக்கறேன். போனது தப்புன்னு சொல்ல மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்லைங்க. ஒண்ணு இல்ல. அடுத்த வருஷம் இங்க வேலை பாக்கற யாராவது செத்தா என்ன பண்ணுவீங்க?"

"மலர்வளையம் அனுப்புவோம்."

"அப்ப நான் எப்படிங்க இனிமே நடக்காதுன்னு சொல்றது?"

அன்று மாலை கிளப் அறிக்கை விட்டது. இரு தரப்பும் மனமொத்துப் பிரிந்தார்களாம். அவருடைய சேவைக்கு நன்றியாம். மனமொத்து! விக்ஸும் இன்னும் நாலு பேரும் நிர்வாகியின் அறை வாசலில் போய்க் கத்தினார்கள். உள்ளே விடாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

செய்தி மலையைத் தாண்டி எங்கள் ஊருக்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் பேக்கி கோர்மலி கோல்மனின் வீட்டுக்கே வந்தார். வந்தவர் தேநீர் குடித்தார், கேக் சாப்பிட்டார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நடந்தது நடந்துபோச்சு, கோல்மன். நம்ம டீமுக்கு ஆள் இல்ல. நீ வந்து எடுத்துக்க. எல்லாரும் சம்மதிச்சாச்சு."

கோல்மனின் முகம் மலர்ந்தது. ப்ரோனா மட்டும் பேக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு வார்த்தைதான்," என்றார் பேக்கி. "பொதுக்கூட்டத்துல எழுந்து, அங்க போனது தப்புன்னு சொல்லிடு. மனசு ஆறாத ஆளுங்க சிலபேர் இருக்காங்க. அவங்களுக்காக."

ப்ரோனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை அது. "நீயும் அந்த ப்ரெஸ்காட்டும் ஒரே பள்ளிக்கூடத்துலயா படிச்சீங்க?" என்று கேட்டார்.

பேக்கிக்குப் புரியவில்லை. கோல்மன் எழுந்து அவருடைய தொப்பியை எடுத்துக்கொடுத்தார். "பதினைஞ்சு வருஷம் உங்களுக்காகப் பண்ணேன் பேக்கி. அதுக்கு நீங்க எனக்குக் கடன்பட்டதா நான் நினைச்சதே இல்ல. ஒரு வருஷம் எனக்காகப் பண்ணேன். அதுக்கு நான் யாருக்கும் கடன்பட்டவன் இல்ல."

இப்போது கோல்மன் வேறொரு தீவன வியாபாரியிடம் லாரி ஓட்டுகிறார். சாக்கர் கிளப்புகளில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டால் விண்ணப்பம் போடுகிறார். சிலர் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். பேச்சு நன்றாகத்தான் போகிறதாம். பிறகு, கார்ரிக்போர்ட்டில் என்ன பிரச்சனை என்று கேட்கிறார்களாம். கேலிக் ஆட்டத்து ஆளுக்குத் தொழில்முறை ஆட்டம் சரிப்பட்டு வரவில்லை என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அவர் எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பொய் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. கடைசி இடத்தில் கிடந்த கிளப்பைக் காப்பாற்றியவரைப் பற்றி, காப்பாற்றப்பட்டவர்களே கிளப்பிவிட்ட பொய் அது. எங்கள் ஊர்க்காரர்கள் சிலரும் அதைத் திருத்தாமல் தலையாட்டுகிறார்கள்.

எனக்குக் கிளப் முதலாளி யாரையும் தெரியாது. என் பேச்சை எந்தப் பத்திரிகையும் போடாது. ஆனால் இதைப் படிக்கிற உங்களுக்கு ஆட்டம் பார்க்கிற மாமா இருப்பார், மைதானத்தில் டிக்கெட் கிழிக்கிற சிநேகிதன் இருப்பான், ஏதோ ஒரு கிளப் கமிட்டியில் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார். கோல்மன் டீனி என்ற பெயர் வந்தால் அவர்களிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவர் போய்ச் சேர்வதற்கு முன் இந்தக் கதை அங்கே போய்ச் சேரட்டும்.