அக்கா தலைக்கு எண்ணெய்

முதலில் கண்டுபிடித்தவர் அக்கா வேலை பார்த்த பீங்கான் கம்பெனி முதலாளி. பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அக்காவின் வேலை. ஒருநாள் அவர் ஒரு பொம்மையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். எழுதிய கண்மேலேயே திரும்பத் திரும்ப எழுதியதில் கறுப்பு அப்பி, தூக்கம் கெட்டவள்போல அது என்னை முறைத்தது.

“ஏன்க்கா, எழுதுனதே மறந்து போச்சா?” என்று கேலி செய்தேன். அக்காவும் சிரித்தாள். சிரிக்கிற விஷயமில்லை என்று இருவருக்கும் அப்போது தெரியாது.

எங்கள் இருவர் புருஷன்மாரும் இறந்தபிறகு நானும் அக்கா வசந்தாவும் விருத்தாசலத்தில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நான் தையல்காரி. அக்கா அடுப்பை அணைக்க மறந்தாள், வீட்டுக்கு வரும் தெருவை மறந்தாள். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அல்சைமர் (மூளையின் நரம்பணுக்கள் மெல்ல அழிந்து நினைவு மங்கும் நோய்) என்றார்கள்.

“மூளைக்குள்ள கொழுப்பச் சுமந்துட்டுப் போற புரதம் ஒண்ணு இருக்கும்மா. உங்க அக்காவுக்கு அது நாலாம் வகை” என்றார் டாக்டரம்மா. அப்போ-ஈ என்று பெயர் (மூளை அணுக்களுக்கு வேண்டிய கொழுப்பைக் கொண்டு சேர்ப்பது). நாலாம் வகையில் அந்தப் பட்டுவாடா சரியாக நடக்காதாம். மூளையில் சேரும் கசடும் ஒழுங்காக நீங்காதாம். அப்பா அம்மாவிடமிருந்து வருவதாம்.

இவ்வளவு சொன்னதில் என் காதில் விழுந்தது ஒரே சொல்: கொழுப்பு. பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அன்றிலிருந்து தாளிப்பு இல்லை, அப்பளம் இல்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் நிறுத்தினேன். பிறந்த ஊரான நல்லூரில் பாவாடை கட்டிய காலத்திலிருந்து எனக்கு அவளும் அவளுக்கு நானும் தேய்த்து வந்தோம். உச்சியில் வைக்கும் எண்ணெய் உள்ளே இறங்கி மூளையில் சேர்ந்துவிட்டால்? எண்ணெய்க் கிண்ணம் பரணுக்குப் போனது. எனக்கு என் புத்திசாலித்தனத்தில் ஒரே பெருமை!

அதற்குப் பிறகு அக்கா குளிக்கவே மறுத்தாள். பக்கெட்டைப் பார்த்தாலே நடுங்கினாள். தலையில் தண்ணீர் பட்டதும், “கொல்றாளே, யாராச்சும் வாங்களேன்” என்று அலறினாள். தெருவே கூடியது. என் கையெல்லாம் அவள் நகக்கீறல். குளிக்காமல் உடம்பில் புண் வந்தது.

சென்னையிலிருந்து அவள் மகன் போன் செய்தான். “சித்தி, நீங்களும் எவ்ளோதான் தாங்குவீங்க? இங்க ஒரு இல்லம் இருக்குது. அம்மாவச் சேத்துடலாம்.” அவன்மேல் கோபமில்லை. ஆனால் அக்கா இல்லாத வீட்டில் நான் யாரோடு இருப்பேன்? அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்வரை பொறு என்றேன்.

“எண்ணெயே கண்ணுல காட்டறதில்லங்க. தலைக்குக்கூட வெக்கறதில்ல” என்று டாக்டரம்மாவிடம் பெருமையடித்தேன்.

“தலைக்கு ஏம்மா நிறுத்துனீங்க?”

“மூளைக்கு எறங்கிடாதுங்களா?”

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “தலையில தேய்க்கற எண்ணெய் மூளைக்குப் போவாதும்மா. அந்தப் புரதத்த மூளை தானே செஞ்சுக்குது. எந்த வகைங்கறது பொறக்கும்போதே முடிவானது. தாராளமா தேச்சு விடுங்க.” அதோடு, “உங்களுக்கும் அந்த வகை இருக்கலாம். இருந்தாலும் நோய் வந்தே தீரும்னு இல்ல. டெஸ்ட் பண்ணிப் பாக்கறீங்களா?” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை நல்லெண்ணெயைக் காய்ச்சினேன். பக்கெட்டைக் கதவுக்குப் பின்னால் மறைத்தேன். பலகையில் உட்கார்த்தி, உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்ததும் அக்காவின் தோள் தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். நேரம் போவது தெரியாமல் தேய்த்தேன். பயந்து பயந்துதான் முதல் சொம்பை ஊற்றினேன்.

“சூடு பத்தலடி” என்றாள்.

அவ்வளவுதான். அலறலும் இல்லை, கீறலும் இல்லை. ஈரக்கையோடு உட்கார்ந்து அழுதேன். அன்று மாலையே அவள் மகனிடம் இல்லம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், புரியாததை டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். என்னைப்போல பஸ்ஸில் முடிவெடுக்காதீர்கள்.

டெஸ்ட் நான் இன்னும் செய்துகொள்ளவில்லை. அது அவரவர் மனசு. கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்று தேடும்போதெல்லாம் கை தானாக உச்சிக்குப் போகிறது. இத்தனை வருஷம் சும்மா சுமந்துகொண்டிருந்த தலை இது. இப்போது அதை அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன். எனக்கு வாரம் என்பதே வெள்ளிக்கு வெள்ளிதான்.

போன வெள்ளிக்கிழமை, குளித்து முடித்த அக்கா கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு, “ஒக்காரு” என்றாள். என் தலையில் சுகமாகத் தேய்த்தாள். நடுவில் கையை நிறுத்திக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் உனக்கே வெச்சுட்டா எப்படி? என் தங்கச்சி செல்வி பள்ளிக்கூடம் வுட்டு வருவா. அவளுக்குக் கொஞ்சம் இருக்கட்டும்.”

“இருக்கட்டும்க்கா” என்றேன். செல்வி நான்தான்.