சாப்பாட்டுக்கு இடமில்லாத படிவம்

பொகவந்தலாவைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் ஜீவராணி பதினாறு வருடமாகப் பிள்ளைக்காம்பரா பார்க்கிறாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. பால் கொடுப்பது, தூங்க வைப்பது, மாதம் ஒருமுறை எடை நிறுத்து அட்டையில் குறிப்பது, இவ்வளவுதான் அவள் வேலை. நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதை அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சாமான் விலையெல்லாம் ஏறிய வருடத்தில் அது தொடங்கியது. பத்தாம் வகுப்புப் படிக்கும் சுலக்ஷனா பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், பிள்ளைக்காம்பரா வாசலில் மயங்கி விழுந்தாள். ஜீவராணி அவளைத் தூக்கி உட்கார வைத்துச் சீனி கரைத்த தண்ணீர் கொடுத்தாள்.

"காலையில என்னாடி சாப்பிட்ட?"

"பாலில்லாத சாயத்தண்ணி குடிச்சேன் மிஸ்."

"மத்தியானம்?"

சுலக்ஷனா மிச்சமிருந்த சீனித் தண்ணீரையும் குடித்து முடித்தாள். தராசில் ஏற்றிப் பார்த்தால் முப்பத்து நாலு கிலோ. இதே பிள்ளையை மூன்று வயதில் நிறுத்தவள் ஜீவராணி. அப்போது அட்டையில் நல்ல எடைதான் இருந்தது.

கிளினிக்குக்கு வந்த மருத்துவமாதுவிடம் அதைச் சொன்னாள். அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். "அஞ்சு வயசு வரைக்கும் நிறுக்கிறோம்க்கா. அப்புறம் கல்யாணமாகி, வயித்துல புள்ளையோட வந்தாத்தான் மறுபடி நிறுக்கிறோம். நடுவுல உள்ள வருஷத்துக்கெல்லாம் யாரும் இல்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் தன் டிவிசனில் உள்ள பெரிய பிள்ளைகள் நாற்பத்தொரு பேரை ஜீவராணி நிறுத்தாள். இருபத்து மூன்று பேர் வயதுக்குரிய எடையில் இல்லை.

அவளுடைய திட்டம் எளிமையானது. காலையில் தொழிலாளரைக் கூட்டிப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில், வாரம் மூன்று சாயங்காலம் ஓட்டமும் கரப்பந்தும். முடிந்ததும் அவித்த கௌபிப் பயறும் ஒரு முட்டையும். சாப்பாடு மட்டும் என்றால் அந்த வயதுப் பிள்ளைகள் கை நீட்ட வெட்கப்படுவார்கள். விளையாட்டு என்றால் வருவார்கள்.

முதல் விண்ணப்பத்தைத் தமிழில் எழுதினாள். ஆங்கிலத்தில் அனுப்பச் சொல்லித் திரும்பி வந்தது. பஜாரில் கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கும் கோகுலராஜ் தட்டெழுதிக் கொடுத்தான். அடுத்து எழுதிய நிறுவனம் சங்கமாகப் பதிந்த சான்று கேட்டது. ஹட்டனுக்கு நாலு தடவை பஸ் ஏறிப் பதிவு வாங்கினாள். வேறொரு நிறுவனம் மூன்று வருடக் கணக்கறிக்கை கேட்டது. பதிவுக்கே மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இன்னொன்று மைதானத்துக்கான காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், கேட்டது.

அந்தக் கேள்வியை கோகுலராஜ் வாசித்துக் காட்டியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. "குடியிருக்கிற லயத்து வீட்டுக்கே உறுதி இல்ல தம்பி. மைதானத்துக்கு எங்க போறது?"

"என்னா எழுதட்டும்க்கா?"

"இல்லன்னு எழுது."

வேலை நாளில் ஹட்டனுக்குப் போனால் அரைநாள் சம்பளம் போகும். தங்கை ஜெயந்தினி வெளிப்படையாகவே கேட்டாள், "ஒனக்கு எதுக்குக்கா இது?" ஜீவராணி பாயை விரித்தாள். கால் வலித்தது. படுத்துவிட்டாள்.

ஏழாவது விண்ணப்பத்துக்குக் கொழும்பிலிருந்து ஆள் வந்தது. கண்ணாடி போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. மழைக்குள் பெரட்டுக்களத்தைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளைகளின் எடைப் பட்டியலை வாங்கிப் பார்த்து, "மிகவும் நல்லா எழுதியிருக்கிறீங்க" என்றார். பிறகு, ரொம்ப மெலிந்த பிள்ளை ஒன்றைத் தாயோடு லயத்து வாசலில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று கேட்டார்.

"அது வேண்டாம் மேடம்."

"படம் இருந்தால் எங்கள் போர்டில் பேசுவது லேசு."

"இந்தப் புள்ளைங்க நாளைக்கு இதே லயத்துல நடக்கணும் மேடம். ஓடுறப்ப எடுத்துக்குங்க, எத்தனை வேணும்னாலும்."

அந்த அம்மா கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். இதுவும் போச்சு என்றே ஜீவராணி நினைத்தாள். ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வலை, பந்து, காலுக்குச் சப்பாத்து, பயிற்சியாளர் சம்பளம் எல்லாவற்றுக்கும் பணம் உண்டு. சாப்பாட்டுக்கென்று எழுதிய வரி மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

கோகுலராஜின் கடையிலிருந்தே கொழும்புக்குப் போன் போட்டாள். "சாப்பாடு இல்லாம ஓட விட்டா புள்ளைங்க விழுந்துருங்க மேடம்."

போனை எடுத்திருந்தது அன்று வந்த அம்மாதான். அந்தக் குரலும் களைப்பாகவே வந்தது. "எனக்குத் தெரியும் ஜீவராணி. சாப்பாடு என்றால் வருஷா வருஷம் கேட்பாங்க என்று போர்டு பயப்படுது. பயிற்சி நேரச் சிற்றுண்டி என்று மாத்தி எழுதி அனுப்புங்க. நான் பார்க்கிறேன்."

மாற்றி எழுதினாள். கிடைத்தது.

ஒரு வருடம் நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பையை லயத்தில் எறிந்துவிட்டு ஓடி வந்தார்கள். கௌபி அவிக்கத் தாய்மார் முறை வைத்துக்கொண்டார்கள். சுலக்ஷனா நாற்பத்தொரு கிலோவுக்கு வந்தாள். கோட்டப் போட்டியில் ஓடி மூன்றாவதாகவும் வந்தாள். இருபத்து மூன்று பேரில் பதினாறு பேர் சரியான எடைக்கு வந்தார்கள். அறிக்கையை அனுப்பிய நாளில் ஜீவராணி வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக ஒரு தேத்தண்ணி குடித்தாள்.

பதில் பாராட்டோடு தொடங்கியது. திட்டம் தன் இலக்கை அடைந்துவிட்டதால், அடுத்த ஆண்டு நிதி, தேவை கூடிய வேறொரு பகுதிக்குப் போகிறது என்று முடிந்தது.

கோகுலராஜ் அதை இரண்டு தடவை வாசித்தான். "நல்லா செஞ்சதுக்கா நிப்பாட்டுறாங்க?"

"அப்பிடித்தான் போல."

முட்டை முதலில் நின்றது. தாய்மார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டதில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கௌபி அவிந்தது. விளையாட்டு நிற்கவில்லை. ஆனால் ஜீவராணி பிள்ளைகளை முன்போல நெடுந்தூரம் ஓட விடவில்லை.

நாலு மாதம் கழித்து மறுபடி ஒரு படிவத்தோடு கடைக்குப் போனாள். அது பதினோராவது. இதுவரை அடைந்த பயன் என்ன என்ற கேள்வியில் கோகுலராஜ் நிறுத்தினான். நல்லது நடந்தது என்றால் இனித் தேவையில்லை என்பார்கள். நடக்கவில்லை என்றால் கொடுத்தும் வீண் என்பார்கள்.

"கொஞ்சம் பார்த்து எழுதுவமாக்கா?"

ஜீவராணி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். போன வாரம் எடை நிறுத்த கணக்கு அவள் கைப்பையில் இருந்தது. தேறிய பதினாறு பேரில் ஒன்பது பேர் மறுபடி இறங்கியிருந்தார்கள்.

"பதினாறு பேர் தேறுனாங்கன்னு எழுது. சாப்பாடு நின்ன பிறகு ஒன்பது பேர் எறங்கிட்டாங்கன்னும் எழுது. எந்த மாசம் எவ்வளவுன்னு நான் சொல்றேன்."

அவன் எழுதினான். அவள் ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பெயர்களை மட்டும் சொல்லவில்லை. அனுப்பி முடித்ததும் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் அதற்குக் காத்திராமல் எழுந்து வீட்டுக்கு நடந்தாள். நாளை காலை ஏழு மணிக்குக் குழந்தைகள் வந்துவிடும்.